நிலவுக்குள் கட்டெறும்பு குடியேறினால்: கண்டுபிடிப்பதிலிருந்து ஓட்டை அடைப்பது வரை

எங்கள் சமையலறை நிலவுக்குக் கீழே தினமும் காலையில் ஒரு கரண்டி மரத்தூள் கிடக்கும். (நிலவு என்றால் வானத்து நிலவு இல்லை. கதவு நிலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்.) அம்மா அதைக் கூட்டித் தள்ளிவிட்டு, "உளுத்துப்போச்சு கண்ணு, ஆசாரிய வரச்சொல்லு" என்பார். நான் "சரி" என்பேன். இப்படியே நாலு மாதம் ஓடியது.

உடுமலைப் பக்கம் தோட்டத்துக்குள் இருக்கும் பழைய ஓட்டு வீடு எங்களுடையது. ஆனியில் சாரல் பிடித்துக்கொண்ட ஒரு ராத்திரி, தண்ணீர் குடிக்க எழுந்து விளக்கைப் போட்டேன். நிலவின் மேல்மூலையிலிருந்து பெரிய கருப்பு எறும்புகள் வரிசையாக இறங்கி, சுவரோரமாகச் சர்க்கரை டப்பா வரை போய்க்கொண்டிருந்தன. அப்போதுதான் புரிந்தது, அது உளு இல்லை, கட்டெறும்பு.

அதற்குப் பிறகு ஒரு வருடம் தப்பும் தவறுமாகக் கற்றுக்கொண்டதை இங்கே வேலை செய்யவேண்டிய வரிசையில் எழுதுகிறேன். மருந்து கடைசிப் பக்கம்தான் வரும். அவசரப்பட்டு அங்கே தாவிவிட வேண்டாம். நான் தாவினேன், அதனால்தான் ஒரு வருடம் ஆனது.

முதலில், இது கட்டெறும்புதானா?

தூளை ஒரு வெள்ளைத் தாளில் அள்ளி வெளிச்சத்தில் பாருங்கள். பாதிக் கேள்விக்கு அதிலேயே பதில் கிடைத்துவிடும்.

மாவு போல நைசாக, விரலில் தேய்த்தால் பவுடர் மாதிரி ஒட்டினால் அது உளு. மரத்தில் குண்டூசி முனை அளவுக்கு வட்ட ஓட்டைகளும் தெரியும். அது வண்டின் வேலை, இந்த வழிகாட்டி அதற்கு உதவாது.

தூள் எதுவும் இல்லாமல் சுவரிலோ மரத்திலோ மண் கோடு ஏறியிருந்தால் செல்லு, அதாவது கறையான். உள்ளே குத்திப் பார்த்தால் மரத்துக்கு நடுவே ஈரமண் அப்பியிருக்கும். செல்லு மரத்தையே தின்கிறது, அதற்கு வைத்தியமும் வேறு.

பென்சில் சீவிய தூள் போலக் கொஞ்சம் பெரும்பெரும் சீவலாக இருந்து, நடுவே எறும்புத் தலை, கால், ஈயின் இறக்கை, காய்ந்த கூட்டுத்தோல் எல்லாம் கலந்து கிடந்தால் அது கட்டெறும்பு. கட்டெறும்பு மரத்தைத் தின்பதே இல்லை. குடியிருக்க இடம் வேண்டி மரத்தைக் குடைந்து, குடைந்த தூளையும் வீட்டுக் குப்பையையும் வெளியே தள்ளிவிடுகிறது. அதனால் அதன் பொந்துக்குள் சேறு, மண் எதுவும் இருக்காது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி வழவழப்பாக இருக்கும். எங்கள் நிலவைப் பிறகு பிரித்தபோது ஆசாரி அந்தப் பள்ளத்தில் விரலை விட்டுப் பார்த்து, "நம்ம எழப்புளி போட்டாக்கூட இவ்வளவு சுத்தமா வராதுங்க தம்பி" என்றார்.

இறக்கை முளைத்தவை பறந்தால் ஒரு சந்தேகம் வரும், ஈசலா எறும்பா என்று. ஒன்றைப் பிடித்துப் பாருங்கள். இடுப்பு ஒடுங்கி, மீசை முழங்கை போல மடங்கி, முன் இறக்கை பின் இறக்கையைவிட நீளமாக இருந்தால் எறும்பு. இடுப்பே இல்லாமல் ஒரே தடிமனாக, நான்கு இறக்கையும் ஒரே அளவாக இருந்தால் ஈசல். மழை பெய்த மாலையில் வெளியிலிருந்து விளக்கு வெளிச்சத்துக்கு இறக்கை எறும்பு வருவதில் பயப்பட ஒன்றுமில்லை. ஜன்னல் கதவெல்லாம் சாத்தியிருக்கும்போது அறைக்குள்ளிருந்தே கிளம்பினால், கூடு வீட்டுக்குள் இருக்கிறது என்று அர்த்தம்.

நம் ஊர்க் கட்டெறும்பு பற்றி ஒரு விஷயம்

காம்போனோட்டஸ் என்ற இந்தப் பேரினத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. ஆங்கிலத்தில் இதைத் தச்சு எறும்பு என்கிற பெயரால் சொல்கிறார்கள். இணையத்தில் தேடினால் அமெரிக்கா, கனடாவில் வீட்டையே குடைந்து தள்ளிய படங்கள் வந்து பயமுறுத்தும். அங்கே சுவரே மரச்சட்டம்தான், அதனால் அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. நம் பக்கம் செங்கலும் கருங்கல்லும் சிமெண்டும் நிறைய. நாம் அதிகம் பார்க்கிற பெரிய கருப்புக் கட்டெறும்பு மண்ணில்தான், அதுவும் மரத்தின் வேரடியில், கூடு வைக்கும். வேறு சில இனங்கள் காய்ந்த கிளை, மரப்பொந்து, சுவர் இடுக்கு, கதவுச் சட்டம் என்று ஏதாவது ஒரு வெற்றிடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஆக, நல்ல காய்ந்த தேக்கு நிலவை இது தேடிப்போய்க் குடைவது அபூர்வம். ஈரம் ஏறி நொந்துபோன மரம்தான் அதற்கு வசதி. நான் சொல்லவருவதில் முக்கால்வாசி இதுதான். எறும்பு இருக்கிற இடத்தில் ஓதம், அதாவது ஊறி நிற்கும் ஈரம், இருக்கிறது. ஓதத்தை விட்டுவிட்டு எறும்பை மட்டும் கொன்றால், அடுத்த சாரலுக்கு வேறொரு கூட்டம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இன்னொன்று. ஒரு கூட்டத்துக்கு ஒரு வீடு மட்டும் என்று இல்லை. ராணியும் முட்டையும் இருக்கிற தாய்க்கூடு பெரும்பாலும் வெளியே, மரத்திலோ மண்ணிலோ இருக்கும். வீட்டுக்குள் இருப்பது கிளைக்கூடு. அங்கே வேலைக்கார எறும்புகள், வளர்ந்த புழு, கூட்டுப்புழு மட்டும்தான் இருக்கும். தோட்டத்தில் பண்ணையம், டவுனில் ஒரு வாடகை வீடு என்று வைத்திருக்கிற நம்ம ஊர்க் குடும்பம் மாதிரி.

படி 1: ராத்திரி டார்ச்சுடன் ஒரு நடை

கட்டெறும்பு ராத்திரியில்தான் மும்முரமாக நடமாடும். எட்டு மணிக்கு மேல் வீட்டு விளக்கையெல்லாம் அணைத்துவிடுங்கள். டார்ச் முனையில் சிவப்புக் கண்ணாடித்தாளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். சிவப்பு வெளிச்சம் எறும்புக்கு அவ்வளவாகத் தெரியாது, கலையாமல் நடந்துகொண்டிருக்கும்.

அதற்கு முன் சாயங்காலமே மூன்று நான்கு இடங்களில் சின்ன அட்டைத் துண்டில் தீனி வையுங்கள். ஒன்றில் நாட்டுச்சர்க்கரைக் கரைசல், இன்னொன்றில் கருவாட்டுத் துணுக்கோ வேகவைத்த முட்டையோ. எதில் கூட்டம் மொய்க்கிறது என்று பார்த்து வையுங்கள். இந்த எறும்புக்கு ஒரு சமயம் இனிப்பும் ஒரு சமயம் புரதமும் வேண்டியிருக்கும், பிறகு மருந்து வைக்கும்போது இந்தத் தகவல் உதவும்.

தீனி எடுத்துத் திரும்பும் எறும்பைத்தான் பின்தொடரவேண்டும், வருவதை அல்ல. வயிறு உப்பி மினுங்கும், நடை நேராக இருக்கும். நான் மூன்று ராத்திரி உட்கார்ந்தேன். முதல் ராத்திரி நிலவின் மேல்மூலையைக் கண்டுபிடித்தேன். இரண்டாம் ராத்திரி அங்கிருந்து ஒரு வரிசை அட்டாலிக்கு, அதாவது பரணுக்கு, ஏறி, ஓட்டுக்கடியில் போவது தெரிந்தது. மூன்றாம் ராத்திரி வெளியே போய் நின்று பார்த்தால், கூரைமேல் சாய்ந்திருந்த தென்னை மட்டை வழியாகப் பாலம் போட்டு இறங்கிக்கொண்டிருந்தன. மின்கம்பி, கேபிள் வயர், துணிக்கொடி எல்லாமே அதற்குச் சாலைதான்.

படி 2: தட்டிப் பார்ப்பது

பகலில் சந்தேகமான மரத்தை ஸ்குரூ டிரைவர் கைப்பிடியால் ஒரு அடிக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போங்கள். நல்ல மரம் 'டக்' என்று கெட்டியாகப் பேசும். குடைந்த மரம் காலிப்பெட்டி போலப் பேசும். ஓங்கி ஒரு தட்டு தட்டிவிட்டு டம்ளரை மரத்தின்மேல் கவிழ்த்து அதில் காதை வைத்தால் உள்ளே சரசரவென்று காகிதம் கசங்குவது போலக் கேட்கும். அம்மாவிடம் டம்ளரைக் கொடுத்துக் கேட்கச் சொன்னேன். கேட்டுவிட்டு டம்ளரை எடுக்காமலே என்னை ஒரு பார்வை பார்த்தார், நாலு மாதம் சரி சரி என்றவன் நான்தானே.

கத்தி முனையால் குத்திப் பாருங்கள். நுனி சுலபமாக இறங்கினால் அந்த இடம் நொந்திருக்கிறது. சுண்ணாம்பால் குறி போட்டு வையுங்கள்.

எங்கெங்கே பார்க்கவேண்டும்? குளியலறைக் கதவின் கீழ்முனை, சிங்க் அடியில் உள்ள பலகை, ஏசி தண்ணீர் சொட்டும் சுவர், ஜன்னல் கீழ்ச்சட்டம், தொட்டிகட்டு வீடாக இருந்தால் வானத்தைப் பார்த்து நிற்கும் தாழ்வாரத்துத் தூண்களின் தலைப்பகுதி, ஓட்டு வீட்டில் பனங்கை (கூரையைத் தாங்கும் பனைமரச் சட்டம்) சுவரில் உட்காரும் இடம். கான்கிரீட் வீட்டுக்காரர்கள் தப்பித்தோம் என்று நினைக்கவேண்டாம். உள்ளே வெற்றிடமுள்ள பிளைவுட் கதவு, அலுமினிய ஜன்னல் சட்டம், சுவிட்ச் பெட்டி இதெல்லாம் அதற்குக் கட்டிவைத்த வீடு.

படி 3: ஓதத்தை நிறுத்துவது

இங்கேதான் பணமும் நேரமும் செலவாகும். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

காங்கேயம், தாராபுரம் பக்கம் காய்ச்சல் பூமி, மழை பெய்தாலும் இரண்டு நாளில் சுவர் உலர்ந்துவிடும். பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலை அப்படியில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்று ஆனி ஆடியில் நாள் கணக்கில் சாரலாகத் தூவிக்கொண்டே இருக்கும். பெரிய மழையாக ஒழுகினால் வாளி வைப்போம், கவனிப்போம். சாரல் சத்தமில்லாமல் ஓட்டு இடுக்கில் இறங்கி மரத்தில் ஊறும்.

எங்கள் வீட்டில் நிலவுக்கு நேர்மேலே இரண்டு சீமை ஓடு விரிசல் விட்டிருந்தது. கீழே நின்று பார்த்தால் தெரியவில்லை. பகலில் அட்டாலியில் ஏறி இருட்டில் உட்கார்ந்தால், வெளிச்சம் ஊசிபோல இறங்கும் இடமெல்லாம் தண்ணீரும் இறங்கும் இடம்தான். மொத்தம் பதினொரு ஓடு மாற்றினோம். கூடவே கூரை ஓரத் தகரக் கால்வாயில் அடைத்திருந்த தென்னம்பூவையும் சருகையும் அள்ளினோம்.

மற்ற வீடுகளுக்கு: மேல்தொட்டி நிரம்பி வழிந்து சுவரில் இறங்குகிறதா, ஏசி தண்ணீர்க் குழாய் சுவரிலிருந்து தள்ளி விழுகிறதா, குளியலறைத் தண்ணீர் கதவுக்காலில் தேங்குகிறதா என்று பாருங்கள். மரம் நேராகத் தரையில் பதிந்திருந்தால், அடியில் அரை அடி வெட்டி எடுத்துக் கல் பாதம் வைப்பது ஆசாரிக்கு அரை நாள் வேலை.

படி 4: பாலத்தை வெட்டுவது

வீட்டைத் தொடும் கிளை, மட்டை, கொடி எல்லாவற்றையும் இரண்டு மூன்று அடி தள்ளி வெட்டுங்கள். சுவரோரம் அடுக்கிய விறகு, தென்னம்பாளை, பழைய ஓட்டுக் குவியல், வெட்டிப்போட்ட மரக்கட்டை இதையெல்லாம் பொடக்காணிக்கு (புழக்கடைக்கு) அந்தப் பக்கம் நகர்த்தி, கல்மேல் அடுக்குங்கள். எங்கள் தாய்க்கூடு இருந்தது இடி விழுந்து பட்டுப்போன ஒரு தென்னையின் அடிக்கட்டையில், சமையலறையிலிருந்து இருபதடிகூட இல்லை. அதைத் தோண்டி எடுத்து எரித்ததில் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

அப்புறம் செடிகளைப் பாருங்கள். செம்பருத்தி, கொய்யா, பப்பாளியில் வெள்ளையாக அப்பியிருக்கும் மாவுப்பூச்சியும் அசுவினியும் கழிக்கும் இனிப்புத் தண்ணீர்தான் கட்டெறும்பின் முக்கியச் சாப்பாடு. மாடு மேய்ப்பது போல அந்தப் பூச்சிகளைக் காவல் காக்கும். 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் முதன்முதலாகத் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ வந்தபிறகு தென்னை மட்டையிலிருந்தே தேன்போல ஒழுகி, கீழே வாழையிலும் கருவேப்பிலையிலும் கரும்பூசணம் பிடிக்கிறது. அந்த இனிப்புக்கும் எறும்பு வரும். வீட்டருகே உள்ள செடிக்கு வேகமாகத் தண்ணீர் பீய்ச்சி, பிறகு வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலக்கித் தெளித்தாலே வரத்து குறையும்.

தோட்டத்தில் தூர இருக்கும் புற்றையெல்லாம் தேடிப்போய் அழிக்கவேண்டாம். அவை அங்கே இருந்துவிட்டுப் போகட்டும்.

படி 5: இப்போது மருந்து

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். எறும்பைப் பார்த்த மறுவாரமே ஒரு பூச்சி மருந்து ஆளைக் கூப்பிட்டேன். வந்தார், எறும்பு நடந்த வழியெல்லாம் புஸ் புஸ் என்று அடித்தார், இரண்டாயிரத்துச் சொச்சம் வாங்கிக்கொண்டு போனார். மூன்று நாள் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. நாலாம் நாள் ஆசாரத்துச் (கூடத்துச்) சுவிட்ச் பெட்டியிலிருந்து கிளம்பின. வழியில் அடிக்கும் மருந்து வெளியே நடக்கிறவற்றைத்தான் கொல்லும். கூட்டில் இருக்கிறவை வாடை பிடிக்காமல் வேறு இடத்துக்கு மூட்டை கட்டிவிடும். எறும்புச் சாக்பீஸ், மஞ்சள், பெருங்காயம் எல்லாமே இந்த ரகம்தான், வழியை மாற்றும், கூட்டை ஒன்றும் செய்யாது.

கூட்டை முடிக்க இரண்டு வழி.

ஒன்று, தீனி மருந்து. வேலைக்கார எறும்பு வயிற்றில் கொண்டுபோவதை வாய்க்கு வாய் மற்றவற்றுக்கு ஊட்டும். அதனால் மெதுவாகக் கொல்கிற மருந்துதான் கூடுவரை போய்ச் சேரும். 100 மில்லி வெந்நீரில் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை, அதாவது 10 கிராம், போரிக் ஆசிட் 1 கிராம், அதாவது கால் டீஸ்பூன் மட்டமாக. அவ்வளவுதான். கூடப் போட்டால் வேகமாக வேலை செய்யும் என்று நினைத்து நான் ஒரு ஸ்பூன் போட்டேன். முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. குடித்த சிலவும் வீடு போய்ச் சேராமல் வழியிலேயே விழுந்தன. பஞ்சை நனைத்துப் பாட்டில் மூடியில் வைத்து, எறும்பு வழிக்குப் பக்கத்தில் வையுங்கள், வழிமேல் அல்ல. இரண்டு நாளுக்கு ஒருமுறை புதிதாக மாற்றுங்கள். கருவாட்டுக்குத்தான் கூட்டம் வந்தது என்றால் சர்க்கரைக்குப் பதில் கடலைமாவையும் கொஞ்சம் எண்ணெயையும் சேர்த்து, அதே அளவுக் கணக்கில் பிசைந்து வையுங்கள்.

போரிக் ஆசிட் மருந்துக்கடையில் கிடைக்கும். கேரம் போர்டு பவுடராகவும் அதைத்தான் விற்பார்கள், ஆனால் மாவு கலந்தவையும் வருகின்றன, லேபிளைப் படித்து வாங்குங்கள். கலக்கத் தோன்றாதவர்கள் ஃபிப்ரோனில் அல்லது இமிடாக்ளோபிரிட் கலந்த ஜெல் வாங்கிப் பயறு அளவுக்குப் பொட்டுப் பொட்டாக வைக்கலாம். சுவிட்ச் பெட்டிக்கு ஜெல் மட்டும்தான், அதுவும் மெயினை அணைத்துவிட்டு. அங்கே திரவம் எதையும் பீய்ச்சக்கூடாது.

தீனி வைத்த நாட்களில் ஸ்பிரே, பினாயில் எதையும் அருகே கொண்டுபோகாதீர்கள். முதல் இரண்டு நாள் கூட்டம் பலமடங்கு வரும். பார்க்கச் சகிக்காது, ஆனால் அதுதான் நல்ல அறிகுறி. எங்களுக்கு முழுதும் அடங்க மூன்று வாரம் பிடித்தது.

இரண்டாவது வழி, கூட்டுக்குள்ளேயே தூள் ஊதுவது. கூடு இருக்கும் மரம் உறுதியாகத் தெரிந்தால் மட்டும். மரம் உலர்ந்திருக்கவேண்டும், ஈரத்தில் தூள் கட்டிபிடித்துவிடும். காலிப்பெட்டி போலப் பேசிய இடத்தில் 3 மில்லிமீட்டர் டிரில்லால் அரை அடிக்கு ஒரு துளை போடுங்கள். காய்ந்த சாஸ் பாட்டிலில் கால்வாசி போரிக் பவுடர் போட்டுக் குலுக்கி, முனையைத் துளையில் வைத்து இரண்டு அமுக்கு. புகைபோல உள்ளே பரவினால் போதும், திணிக்கவேண்டாம், குவியலாகக் கிடந்தால் எறும்பு சுற்றிப் போய்விடும். முகக்கவசமும் கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். கட்டெறும்புக்குக் கொடுக்கு கிடையாது, ஆனால் கடித்த காயத்தில் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். அந்தக் கடுப்பு எனக்குத் தெரியும்.

சிலதைச் செய்யவே கூடாது. தோட்டத்துக்கு வாங்கிவைத்த மருந்தை வீட்டுக்குள் அடிப்பது நம் பக்கம் சர்வசாதாரணம். அடுப்பும் அரிசியும் இருக்கிற இடத்துக்கு அது தயாரானதில்லை. அட்டாலியில் பி.எச்.சி. என்ற பழைய பூச்சிமருந்துப் பவுடர் டப்பா இருந்தால் தொடாதீர்கள், 1997-லேயே இந்தியாவில் தடை செய்யப்பட்டது அது. மண்ணெண்ணெயை மரத்துக்குள் ஊற்றுவது தீ விபத்துக்கு அழைப்பு. போரிக் ஆசிட்டும் விஷம்தான். குழந்தையோ நாயோ தொடும் உயரத்தில் வைக்காதீர்கள், கலக்கிய பாட்டில்மேல் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். குழந்தை வாயில் வைத்துவிட்டால் டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

படி 6: மரத்தைப் பார்ப்பது

நடமாட்டம் நின்று இரண்டு வாரம் கழித்துத்தான் துளைகளை அடைக்கவேண்டும். உள்ளே உயிரோடு இருக்கும்போது அடைத்தால் வேறு பக்கம் குடைந்து வெளியே வரும்.

நிலவோ ஜன்னல் சட்டமோ மேலாக மட்டும் போயிருந்தால், நொந்ததைச் சுரண்டி எடுத்து, மரத்தூளும் பசையும் கலந்து நிரப்பி வார்னிஷ் அடித்தால் போதும். ஆள்காட்டி விரல் முழுதாக உள்ளே போகிறது என்றால் அந்தத் துண்டை வெட்டி எடுத்து ஒட்டுப்போடுவதுதான் சரி. கூரையைத் தாங்கும் விட்டம், பனங்கை என்றால் நீங்களே முடிவு செய்யாதீர்கள். அனுபவமுள்ள ஆசாரியைக் கூட்டிவந்து, அடியில் முட்டுக் கொடுத்துவிட்டுத் தொடச் சொல்லுங்கள். எங்கள் ஆசாரி நிலவின் மேல்கட்டையை மட்டும் மாற்றினார். "காலு ரெண்டும் வேம்புங்க, கல்லு மாதிரி இருக்குது. மேல போட்டது என்னமோ பெட்டிக்கட்டை, அதான் பூந்துருச்சு" என்றார். எப்போதோ யாரோ செய்த சிக்கனம்.

பூச்சி மருந்து ஆளைக் கூப்பிடவேண்டிய நேரம் உண்டு. கூடு எங்கே என்று ஒரு மாதமாகியும் தெரியவில்லை, அறைக்குள்ளிருந்தே இறக்கை எறும்பு கிளம்புகிறது, அல்லது செல்லும் சேர்ந்து இருக்கிறது என்றால் கூப்பிடுங்கள். வந்தவரிடம் முதல் கேள்வி, "கூட்டைத் தேடிப் பார்ப்பீங்களா, இல்ல அடிச்சுட்டுப் போவீங்களா?" என்பதாக இருக்கட்டும். எந்த மருந்து, எவ்வளவு என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

எல்லாம் முடிந்தபின் நிலவுக்கு அடியில் ஒரு வெள்ளை அட்டையைச் சுவரோரம் ஒட்டிவையுங்கள். தூள் விழுந்தால் அன்றைக்கே தெரியும். கூட்டும்போது அம்மா அதை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி வைப்பார். போன ஆடிச் சாரல் முழுதும் அட்டையில் பல்லி எச்சம் தவிர ஒன்றும் இல்லை.